34 வயதில் எலும்பு ஏன் முறிகிறது? பெருமூளை வாதமும் எலும்பு நலமும்

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. பிறந்ததிலிருந்தே பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி). நடக்க மாட்டான், பேச்சும் இல்லை. வலிப்புக்காகப் பல வருடங்களாக ஃபெனிடாயின் சாப்பிடுகிறான். போன மாதம் பேன்ட் மாற்றிவிடும்போது முழங்காலுக்குச் சற்று மேலே தொடை எலும்பு முறிந்துவிட்டது. விழவில்லை, அடிபடவும் இல்லை. மாவுக்கட்டு போட்டு, கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இந்த வயதில் எப்படி இப்படி ஆகும்? நாங்கள்தான் முரட்டுத்தனமாகக் கையாண்டுவிட்டோமா? கால்சியம் மாத்திரை போதுமா?

பதில்:

உங்கள் மனதை அரிக்கிற கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். நடக்க முடியாத, பெருமூளை வாதம் உள்ள ஒருவருக்கு எலும்பு முறிகிறதென்றால், அது பெரும்பாலும் முறிகிற இடம் நீங்கள் சொன்ன அதே இடம்தான்: தொடை எலும்பின் கீழ்முனை, முழங்காலுக்குச் சற்று மேலே. அது முறிகிற சந்தர்ப்பங்களும் நீங்கள் சொன்னதைப் போன்றவைதான். உடை மாற்றும்போது, படுக்கையில் புரட்டும்போது, நாற்காலியிலிருந்து தூக்கும்போது, பாதம் கால்மிதியில் சிக்கியிருப்பதைக் கவனிக்காமல் திருப்பும்போது. சில நேரம் எப்போது முறிந்தது என்றே தெரியாது. காலையில் முழங்கால் வீங்கியிருப்பதைப் பார்த்துத்தான் தெரியவரும். அன்றாடம் செய்கிற வேலையின் விசையைத் தாங்க முடியாத நிலைக்கு அந்த எலும்பு முன்பே வந்துவிட்டிருந்தது. உங்கள் கை அன்று வழக்கத்துக்கு மாறாக எதையும் செய்திருக்க வேண்டியதில்லை.

அந்த இடம் ஏன் என்பதற்கும் காரணம் உண்டு. தசை இறுக்கத்தால் முழங்கால் மடங்கியே இருந்து, மூட்டு நாளடைவில் இறுகிவிடுகிறது. பாதத்தையோ கணுக்காலையோ பிடித்து இழுத்தால், வளைந்து கொடுக்க வேண்டிய மூட்டு வளைந்து கொடுப்பதில்லை. கீழ்க்கால் ஒரு நெம்புகோலாகி, விசை முழுவதும் மூட்டுக்கு மேலே எலும்பு மெலிந்து அகலும் இடத்தில் போய்ச் சேருகிறது. அங்கே எலும்பின் வெளிச்சுவர் மிக மெல்லியது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பேச முடியாத ஒருவருக்குக் காரணம் தெரியாமல் எலும்பு முறிந்தால், மருத்துவமனையில் சிலர் சங்கடமான கேள்விகளைக் கேட்பார்கள். யாராவது துன்புறுத்துகிறார்களா என்று பார்ப்பது அவர்கள் கடமை. கேட்பதே நல்லது, கேட்டதும் புண்பட வேண்டாம். எலும்பு பலவீனம் இருப்பதால் துன்புறுத்தல் இருக்கவே முடியாது என்றும் ஆகாது, முறிந்துவிட்டதால் யாரோ அடித்திருக்கிறார்கள் என்றும் ஆகாது.

இப்போது, இந்த வயதில் எப்படி என்பது. எலும்பு பலவீனம் என்றாலே வயதான பெண்களுக்கு வருவது என்று மருத்துவர்கள் உட்பட எல்லாருக்கும் மனதில் பதிந்திருக்கிறது. அவர்களிடம் நடப்பது, நன்றாகக் கட்டப்பட்ட எலும்பு பிற்காலத்தில் கரைவது. உங்கள் தம்பிக்கு அந்த எலும்பு முதலிலேயே முழுதாகக் கட்டப்படவில்லை. ஒரு மனிதருடைய எலும்புத் திரளில் ஏறத்தாழ கால் பங்கு, பருவமடையும் காலத்து வளர்ச்சி வேகத்தையொட்டிய இரண்டே ஆண்டுகளில் சேர்கிறது. இருபது வயதுக்குள் சுமார் 90 சதவீதம் சேர்ந்துவிடும். அந்தக் காலம் முழுவதையும் உட்கார்ந்தோ படுத்தோ கழித்தவருக்கு, உச்சம் என்று எட்டியதே மற்றவர்களைவிட வெகுவாகத் தாழ்வானது. அதற்குப் பிறகு யாருக்கும் நடக்கிற சிறு இழப்புகூட அவரை முறிவின் எல்லைக்குக் கொண்டுபோய்விடும்.

எலும்பு தன்மீது விழும் விசைக்கு ஏற்பவே தன்னை அமைத்துக்கொள்கிறது என்பதை ஜெர்மன் அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-இலேயே விரிவாக எழுதினார். ஹெரால்ட் ஃப்ராஸ்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1980களில் அதை ஒரு வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியைப் போன்ற ஏற்பாடாக விளக்கினார்: விசை ஒரு அளவுக்கு மேலே போனால் எலும்பு கூட்டப்படும், ஒரு அளவுக்குக் கீழே போனால் தேவையற்றதென்று அகற்றப்படும். இதை உணர்வது எலும்புக்குள்ளேயே புதைந்திருக்கும் ஆஸ்டியோசைட் செல்கள். விசை குறையும்போது அவை ஸ்க்லெரோஸ்டின் என்ற புரதத்தை அதிகமாகச் சுரக்கின்றன. அது எலும்பு கட்டும் செல்களைத் தடுத்து நிறுத்துகிறது. விசை என்றதும் உடல் எடையை மட்டும் நினைக்கிறோம். எலும்பின்மீது விழும் விசையில் பெரும்பகுதி தசைகள் சுருங்கி இழுப்பதால் வருவது. பெருமூளை வாதத்தில் தசை இறுக்கமாக இருந்தாலும் வலுவாக இருப்பதில்லை. இறுக்கம் வேறு, வலு வேறு. அதனால் தசை எந்நேரமும் விறைத்திருக்கிறதே, எலும்புக்கு அதுவே பயிற்சியாகாதா என்ற நியாயமான எதிர்பார்ப்பு நடைமுறையில் நிறைவேறுவதில்லை.

இந்த எலும்புகளின் குறை அடர்த்தியில் மட்டும் இல்லை, வடிவத்திலும் இருக்கிறது. குறுக்களவு சிறியது, சுவர் மெல்லியது. ஒரு குழாயின் வலிமையை அதன் விட்டம் பெரிதும் தீர்மானிக்கிறது. வளரும் வயதில் அகலமாகாமல் போன எலும்பைப் பின்னாளில் எந்த மாத்திரையும் அகலமாக்கிவிடாது. இதைச் சொல்வது உங்களைச் சோர்வடையச் செய்ய அல்ல. கால்சியம் மட்டும் ஏன் போதாது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. கட்டிடத்துக்குச் செங்கல் வந்து இறங்குகிறது, ஆனால் கட்டச் சொல்லி உத்தரவு வரவில்லை. கால்சியம் அந்தச் செங்கல் மட்டுமே.

மூளையில் ஏற்பட்ட பாதிப்பு வளர்வதில்லை. பாடப்புத்தகம் சொல்வது சரிதான். ஆனால் அந்தப் பாதிப்போடு வாழும் உடல் மாறிக்கொண்டே இருக்கிறது. நடக்கக்கூடியவர்களில்கூடப் பலருக்கு முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் வலியாலும் களைப்பாலும் நடை குறைய ஆரம்பிக்கிறது. பிறகு எலும்பும் அதைப் பின்தொடர்கிறது. அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து விழுவது. ஆகவே நடக்கிறவர்தானே என்று விட்டுவிடுவதும் சரியல்ல. ஆனால் மிகக் கூடுதல் ஆபத்து, இயக்கத்திறனைப் பிரிக்கும் ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்ற ஐந்து நிலை அளவுகோலில் நான்காம், ஐந்தாம் நிலையில் இருப்பவர்களுக்கு, அதாவது சக்கர நாற்காலியை நம்பி வாழ்பவர்களுக்கு.

இந்த அடிப்படையின் மேல் மற்றவை வந்து ஏறுகின்றன. உங்கள் தம்பி விஷயத்தில் முதலில் என் கண்ணில் படுவது ஃபெனிடாயின்தான். ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டோன், கார்பமாசெபைன் ஆகிய பழைய வலிப்பு மருந்துகள் கல்லீரலில் உள்ள நொதிகளைத் தூண்டிவிடுகின்றன. அந்த நொதிகள் வைட்டமின் டி-யையும் வேகமாகச் சிதைக்கின்றன. வால்ப்ரோயேட் இந்த வழியில் செயல்படாவிட்டாலும் அதற்கும் எலும்பு இழப்போடு தொடர்பு காணப்பட்டிருக்கிறது. வெளியே அதிகம் போகாத, வெயில் படாத ஒருவருக்குப் பல ஆண்டுகள் ஃபெனிடாயின் கொடுத்தால் வைட்டமின் டி தரைமட்டத்துக்கு இறங்கிவிட வாய்ப்பு மிக அதிகம். அப்போது எலும்பு குறைவாக இருப்பதோடு, இருக்கிற எலும்பில் தாது சரியாகப் படியாமல் மென்மையாகவும் ஆகிவிடும். அது ஆஸ்டியோமலேசியா என்ற தனி நோய், சிகிச்சையும் வேறு. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கலாம். தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வலிப்பு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் தொடர் வலிப்பு வரலாம். அது உயிருக்கே ஆபத்து, வலிப்பின் வேகத்திலேயே எலும்பும் முறியலாம். எலும்புக்கு ஒப்பீட்டளவில் குறைவாகத் தீங்கு செய்யும் லாமோட்ரிஜின் போன்ற மாற்று மருந்து இவருக்குப் பொருந்துமா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். வலிப்பு நன்றாகக் கட்டுக்குள் இருந்தால் அவர் மாற்றத் தயங்குவார். அந்தத் தயக்கத்துக்கும் நியாயம் உண்டு.

அடுத்தது சாப்பாடு. மெல்லவும் விழுங்கவும் சிரமப்படுபவர்கள் பெரும்பாலும் தேவையைவிடக் குறைவாகவே சாப்பிடுகிறார்கள். எடை குறைவு, புரதக் குறைவு இரண்டுமே எலும்பைப் பாதிக்கும். சாப்பிடும்போது இருமல், மூச்சுத்திணறல், அடிக்கடி நெஞ்சுச் சளி இருந்தால் எலும்பைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே விழுங்குதலைப் பரிசோதிக்க வேண்டும். நெஞ்செரிச்சலுக்காக ஒமேப்ரசோல், பேன்டோப்ரசோல் வகை மாத்திரையை வருடக்கணக்கில் எடுத்துக்கொள்வதும் முறிவு ஆபத்தோடு தொடர்புடையதாகவே பேசப்படுகிறது. தேவையிருந்தால் தொடரட்டும், வழக்கமாகிவிட்டது என்பதற்காக மட்டும் தொடர வேண்டாம்.

பெண்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். மாதவிடாயை நிறுத்திவைப்பதற்காகச் சிலருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெட்ராக்ஸிப்ரோஜெஸ்டிரோன் ஊசி போடுகிறார்கள். பராமரிப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது எலும்பு அடர்த்தியைக் குறைக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இலேயே இதற்காகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. ஏற்கெனவே பலவீனமான எலும்புள்ள பெண்ணுக்கு லெவோநார்ஜெஸ்ட்ரெல் கருப்பைச் சாதனம் போன்ற வேறு வழிகளை மகப்பேறு மருத்துவரிடம் பேசிப் பார்ப்பது நல்லது. ஆண்களுக்கு, பருவமடைதல் தாமதமாக நடந்ததா, உடல் முடி குறைவாக இருக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் டெஸ்டோஸ்டிரோன் அளவையும் சோதிக்கலாம்.

சோதனைகள் பற்றி. ரத்தத்தில் 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி, கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்படேஸ், பாராதைராய்டு ஹார்மோன், சிறுநீரகச் செயல்பாடு, தைராய்டு, ரத்த அணுக்கள் ஆகியவை அடிப்படை. ஆல்கலைன் பாஸ்படேஸ் எலும்பு முறிந்து ஆறும் காலத்தில் தானாகவே ஏறும், வலிப்பு மருந்தாலும் ஏறும்; ஆகவே அந்த ஒரு எண்ணை வைத்து முடிவுக்கு வர முடியாது. சிறுநீரகச் சோதனையில் ஒரு பொறி இருக்கிறது. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசையே குறைவாக இருக்கும் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதுபட்டிருந்தாலும் கிரியேட்டினின் இயல்பாகவே காட்டும். எலும்பு மருந்துகள் சில சிறுநீரகத்தின் நிலையைப் பொறுத்தே கொடுக்கப்படுவதால், சிஸ்டாட்டின் சி என்ற மாற்றுச் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். மருத்துவருக்கே நாம் நினைவுபடுத்தினால்தான் நினைவுக்கு வரும் விஷயம் இது.

அடுத்து எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். வழக்கமாக இடுப்பு, கீழ்முதுகு என்ற இரண்டு இடங்களில் எடுப்பார்கள். பெருமூளை வாதத்தில் இந்த இரண்டுமே தொல்லை கொடுக்கும். இடுப்பில் பழைய அறுவைச் சிகிச்சையின் உலோகத் தகடு இருக்கும், அல்லது மூட்டு இறுகி நேராகப் படுக்க வராது. முதுகு வளைந்திருக்கும், கம்பி வைத்திருப்பார்கள், அல்லது வயிற்றில் தசை இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்தைச் செலுத்தும் பேக்லோஃபென் பம்ப் இருக்கும். உலோகமும் முதுகு எலும்புகளின் தேய்மானமும் அடர்த்தியைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். மறுபக்கம், டெக்ஸா பரப்பை மட்டும் அளப்பதால் சிறிய எலும்பை உண்மையைவிட மோசமாகக் காட்டும். அனுபவமுள்ள இடங்களில் தொடை எலும்பின் கீழ்முனையைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அளப்பார்கள். முறிவு நடக்கும் இடத்தையே அளப்பதால் அது அதிகப் பயனுள்ளது. நோயாளிக்கும் வசதியான கிடை. அது இல்லாத இடத்தில் முன்கை எலும்பை அளக்கலாம்.

அறிக்கை வந்ததும் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். மாதவிடாய் நிற்காத பெண்களுக்கும் 50 வயதுக்குக் கீழ் உள்ள ஆண்களுக்கும், இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிடும் டி-ஸ்கோர் பொருந்தாது. அதே வயதினரோடு ஒப்பிடும் இசட்-ஸ்கோரைப் பார்க்க வேண்டும். அது மைனஸ் 2 அல்லது அதற்குக் கீழே இருந்தால் வயதுக்கு எதிர்பார்க்கப்படும் அளவைவிடக் குறைவு. ஆனால் ஸ்கேன் எண் எப்படி வந்தாலும், அற்ப விசையில் தொடை எலும்பு முறிந்த ஒருவருடைய எலும்பு பலவீனம் என்பதற்கு அந்த முறிவே சாட்சி. ஸ்கேன் எடுக்க முடியவில்லை என்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. பத்தாண்டு முறிவு ஆபத்தைக் கணக்கிடும் ஃப்ராக்ஸ் கணக்கி 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது, அதில் பெருமூளை வாதத்துக்கென்று ஒரு கட்டமும் இல்லை. யாராவது அதைப் போட்டுப் பார்த்து ஆபத்து குறைவு என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். பக்கவாட்டு முதுகு எக்ஸ்ரே ஒன்றும் எடுத்துப் பாருங்கள்; முதுகெலும்பு நசுங்கியிருப்பது சத்தமில்லாமல் நடந்திருக்கலாம்.

பிரிட்டனின் நைஸ் அமைப்பு பெருமூளை வாதமுள்ள பெரியவர்களுக்காக 2019-இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. எலும்பு அடர்த்திக் குறைவு இவர்களிடம் பரவலானது என்பதையும், இயக்கக் குறைவு, வலிப்பு மருந்து, முந்தைய முறிவு போன்ற காரணங்கள் சேர்ந்திருந்தால் ஸ்கேன் எடுப்பதைப் பரிசீலிக்க வேண்டும் என்பதையும் அது சொல்கிறது. மருத்துவர் இந்த வயதில் எதற்கு என்று கேட்டால் இதைச் சொல்லலாம். குழந்தையாக இருந்தவரை குழந்தை மருத்துவர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்திருப்பார். பதினெட்டு வயதானதும் வலிப்புக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர், நெஞ்சுக்கு ஒருவர் என்று பிரிந்துவிடுகிறது. எலும்பு யார் பொறுப்பு என்று யாருக்கும் தெரிவதில்லை. நாளமில்லாச் சுரப்பி மருத்துவர், மூட்டுவாத மருத்துவர், மறுவாழ்வு மருத்துவர் மூவரில் ஆர்வமுள்ள ஒருவரைப் பிடித்து அவரையே பொறுப்பாக்கிக்கொள்வது நல்லது. எந்தத் துறை என்பதைவிட அந்த ஆர்வம்தான் முக்கியம் என்பது என் எண்ணம்.

இப்போது கால்சியம் மாத்திரை. 19 முதல் 50 வயது வரை ஒரு நாளைக்கு மொத்தம் 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை, உணவையும் சேர்த்து. உணவில் எவ்வளவு வருகிறது என்று உணவியல் நிபுணர் கணக்கிட்டு, குறைவதை மட்டும் மாத்திரையாகக் கொடுப்பதே முறை. குழாய் வழியாகச் சத்துக் கரைசல் கொடுக்கப்படுகிறதென்றால் அதிலேயே போதுமான அளவு இருக்கக்கூடும். கால்சியம் கார்பனேட் மலச்சிக்கலைக் கூட்டும்; இவர்களிடம் மலச்சிக்கல் சிறு விஷயம் இல்லை, தசை இறுக்கத்தையும் வலியையும் கிளப்பிவிடும். கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும் என்பதால் உணவோடு கொடுக்க வேண்டும். அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு கால்சியம் சிட்ரேட் மேல். உங்கள் தம்பிக்கு இன்னொன்றும் உண்டு: கால்சியத்தையும் ஃபெனிடாயினையும் ஒரே நேரத்தில் கொடுத்தால் ஃபெனிடாயின் உறிஞ்சப்படுவது குறையலாம். சில மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

வைட்டமின் டி-யை அளந்து பார்க்காமல் கொடுப்பதைவிட அளந்து கொடுப்பது இவருக்குப் பொருத்தம். பொதுவாகப் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 600 சர்வதேச அலகு என்பார்கள். நொதி தூண்டும் வலிப்பு மருந்து சாப்பிடுபவர்களுக்கு அது பெரும்பாலும் போதாது. எவ்வளவு என்பதை ரத்த அளவு பார்த்து மருத்துவர் தீர்மானிப்பார், சில மாதங்கள் கழித்து மறுபடி சோதிப்பார். கூடுதலாகக் கொடுத்தால் கூடுதல் பலன் என்று எண்ணி நீங்களே அதிகமாக்க வேண்டாம். கால்சியம் ரத்தத்தில் ஏறிச் சிறுநீரகக் கல் வரலாம்.

இவை இரண்டும் தேவை. ஆனால் ஏற்கெனவே முறிந்துவிட்ட ஒருவருக்கு இவை அடித்தளம் மட்டுமே. அதன் மேல் மருந்து வேண்டுமா என்ற பேச்சை மருத்துவரிடம் நீங்களே தொடங்க வேண்டியிருக்கலாம். அதிகம் பயன்படுவது, எலும்பு கரைவதைக் குறைக்கும் பிஸ்பாஸ்பனேட் வகை. பெருமூளை வாதமுள்ள குழந்தைகளிடம் இவை எலும்பு அடர்த்தியை உயர்த்துவது ஆய்வுகளில் தெரிந்தது. பெரியவர்களிடம் ஆய்வுகள் மிகக் குறைவு, மருத்துவர்கள் மற்ற நோயாளிகளின் அனுபவத்திலிருந்தே முடிவெடுக்கிறார்கள். அலெண்ட்ரோனேட் வார மாத்திரையை வெறும் வயிற்றில் முழு தம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் நிமிர்ந்திருக்க வேண்டும். மாத்திரை உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாக்கும். விழுங்கச் சிரமமும் எதுக்களிப்பும் உள்ள ஒருவருக்கு இதை எழுதிக் கொடுத்தால், மறுத்துக் கேளுங்கள். அவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ரத்த நாளம் வழியாக ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் ஏற்றது.

அதற்கும் முன்னேற்பாடு வேண்டும். வைட்டமின் டி-யும் கால்சியமும் சரியான பிறகே போட வேண்டும்; இல்லாவிட்டால் ரத்தக் கால்சியம் சட்டென்று விழும், அதுவே வலிப்பைத் தூண்டும். முதல் முறை போட்ட இரண்டு மூன்று நாட்களுக்குக் காய்ச்சலும் உடல்வலியும் வருவது வழக்கம். காய்ச்சலில் வலிப்பு வருகிற வழக்கமுள்ளவராக இருந்தால் பாராசிட்டமால் எப்போது, எவ்வளவு என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முன்பாகப் பல் மருத்துவரிடம் காட்டி, பிடுங்க வேண்டிய பல் இருந்தால் பிடுங்கிவிட வேண்டும், ஏனென்றால் அரிதாகத் தாடை எலும்பு ஆறாமல் போகும் சிக்கல் உண்டு. மயக்க மருந்து கொடுத்துத்தான் பல்லைப் பார்க்க முடியும் என்றால், இதற்கே சில மாதங்கள் ஆகும். இப்போதே ஏற்பாடு செய்யத் தொடங்குங்கள். இந்த மருந்துகள் பல ஆண்டுகள் எலும்பிலேயே தங்கும் என்பதால், குழந்தை பெறும் எண்ணமுள்ள இளம்பெண்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சில ஆண்டுகள் கழித்து நிறுத்தி இடைவெளி விடுவதும் வழக்கம். மிக நீண்ட காலம் தொடர்ந்தால் தொடை எலும்பின் நடுவே வேறு வகை முறிவு அரிதாக வருகிறது.

டெனோசுமாப் என்ற ஆறு மாத ஊசியும் இருக்கிறது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு வசதி. ஆனால் ஒரு தவணை தவறினாலோ நிறுத்தினாலோ எலும்பு வேகமாகக் கரைந்து முதுகெலும்புகள் அடுத்தடுத்து நசுங்கலாம். மருத்துவமனைக்கு அழைத்துப்போவதே பெரும்பாடாக இருக்கும் குடும்பத்துக்கு இதைத் தொடங்குமுன் நன்றாக யோசிக்க வேண்டும் என்பேன். மேலே சொன்ன ஸ்க்லெரோஸ்டினையே தடுக்கும் ரோமோசோசுமாப் 2019-இல் அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அனுமதி பெற்றது. அசைவில்லாததால் மெலிந்த எலும்புக்கு இது பொருத்தமாகத் தோன்றலாம். ஆனால் இதய எச்சரிக்கையோடு வரும் மருந்து. பெருமூளை வாதத்துக்கு இன்னும் வழக்கத்தில் இல்லை.

நிற்கவைக்கும் சட்டகத்தில் நிறுத்தினால் எலும்பு வலுக்குமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 2004-இல் வெளியான ஒரு ஆய்வில், நடக்க முடியாத 26 குழந்தைகளில் ஒரு பகுதியினரை வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் நிற்கவைத்தார்கள். முதுகெலும்பு அடர்த்தி சுமார் 6 சதவீதம் உயர்ந்தது. காலெலும்பில் எதுவும் மாறவில்லை, ஆனால் முறிவது காலெலும்புதான். நைஸ் அமைப்பின் 2017 குழந்தைகளுக்கான வழிகாட்டுதல், எலும்பு அடர்த்திக்காக மட்டும் நிற்கும் சட்டகத்தையோ அதிர்வுச் சிகிச்சையையோ கொடுக்க வேண்டாம் என்கிறது. நிற்பதில் வேறு நன்மைகள் நிறைய: குடல் இயக்கம், மூச்சு, மூட்டு இறுகாமல் இருப்பது, எதிரே இருப்பவரின் கண்ணுக்கு நேராக இருப்பது. அவற்றுக்காகச் செய்யுங்கள், எலும்புக்கான மருந்தாக நினைத்துச் செய்யாதீர்கள். கொஞ்சமாவது நடக்கிற, எழுந்து நிற்கிற பெரியவர்களுக்கு நிலைமை வேறு. இருக்கும் நடையைக் காப்பாற்றிக்கொள்வதும், தசை வலுவுக்கான பயிற்சியும், விழாமல் இருக்கச் சமநிலைப் பயிற்சியும் அவர்களுக்கு எந்த மாத்திரைக்கும் குறைந்தவையல்ல.

மருந்து பலன் தர மாதங்கள் ஆகும், அதற்குள் இன்னொரு முறிவு வரலாம். அதைத் தடுப்பது கையாளும் முறை. இதில்தான் உங்கள் வீட்டில் உடனே மாற்றம் செய்ய முடியும்.

காலை அல்லது கையை ஒருபோதும் கைப்பிடியாகப் பயன்படுத்தாதீர்கள். புரட்டும்போது தோள்பட்டையையும் இடுப்பையும் பிடித்துப் புரட்டுங்கள். பாதத்தைப் பிடித்து இழுத்துப் புரட்டுவதுதான் தொடை எலும்பை முறிக்கும். உறுப்பைத் தூக்க வேண்டியிருந்தால் ஒரு உள்ளங்கை மூட்டுக்கு மேலே, மற்றது கீழே, இரண்டும் மூட்டுக்கு அருகில். டயப்பர் மாற்றும்போது கணுக்கால்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து இடுப்பைத் தூக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. குழந்தையாக இருந்தபோது வந்த பழக்கம், வளர்ந்த பிறகும் தொடர்கிறது. அதை இன்றே நிறுத்துங்கள். பக்கவாட்டில் புரட்டித்தான் மாற்ற வேண்டும். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் மேற்கை எலும்பும் தோள்மூட்டும் பாதிக்கப்படும். ஆள் தூக்கும் கருவி கிடைத்தால் வாங்குங்கள், உங்கள் முதுகுக்கும் நல்லது. கருவியின் துணியில் உட்காரவைத்ததும் கை கால் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

உடை மாற்றும்போது இறுக்கமான பக்கத்தை முதலில் உடுத்துங்கள், கடைசியில் கழற்றுங்கள். துணியை முழுவதும் சுருட்டி உங்கள் கையை அதற்குள் விட்டு, அவருடைய பாதத்தைப் பிடித்துத் துணியை அதன்மேல் ஏற்றுங்கள். துணிக்குள் காலைத் தள்ளாதீர்கள். பக்கவாட்டில் முழுநீளத் திறப்பும் ஒட்டும் பட்டையும் வைத்துத் தைத்த பேன்ட் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. தசை திடீரென விறைத்தால் எதிர்த்து இழுக்க வேண்டாம், இருந்த இடத்திலேயே பிடித்துக் காத்திருங்கள், தளர்ந்த பிறகு தொடருங்கள். சக்கர நாற்காலியை நகர்த்துமுன், தூக்குமுன், ஒவ்வொரு முறையும் இரண்டு பாதங்களையும் பாருங்கள். பராமரிக்க வேறு யாராவது வந்தால், எலும்பு எளிதில் முறியும், பாதத்தைப் பிடித்து இழுக்காதீர்கள் என்று எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டிவையுங்கள். மருத்துவமனையில் சேர்த்தால் அங்கும் அதை ஒட்டச் சொல்லுங்கள், கொஞ்சமும் தயங்காமல்.

இவ்வளவு பயந்து அவரை அசைக்காமலே வைத்துவிட வேண்டாம். படுக்கையில் கிடந்தால் எலும்பு இன்னும் மெலியும், புண் வரும், நெஞ்சில் சளி கட்டும். பிசியோதெரபி தொடர வேண்டும், வேகமும் விசையும் மட்டும் மாற வேண்டும்.

பேச முடியாதவருக்கு எலும்பு முறிந்தால் எப்படித் தெரியும்? காரணமில்லாத அழுகை அல்லது முனகல், குறிப்பிட்ட ஒரு வேலையின்போது மட்டும் முகம் சுளிப்பது, சாப்பிட மறுப்பது, தூக்கம் கெடுவது, வழக்கத்தைவிடத் தசை இறுக்கம் அல்லது வலிப்பு கூடுவது, லேசான காய்ச்சல், ஒரு மூட்டு மட்டும் வீங்கிச் சூடாக இருப்பது. வீங்கிச் சூடான காலைப் பார்த்தால் சிலர் கிருமித் தொற்று என்றும் ரத்த நாளத்தில் ரத்தக்கட்டு என்றும் முதலில் நினைப்பார்கள். அவற்றையும் பார்க்கட்டும், ஆனால் எக்ஸ்ரே எடுக்காமல் வீட்டுக்குத் திரும்பாதீர்கள். வலிக்கிற இடத்துக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் வரை படத்தில் வர வேண்டும்.

கடைசியாக, இப்போது போட்டிருக்கும் மாவுக்கட்டைப் பற்றி. நடக்காதவருக்கு எலும்பு அதிகம் விலகாமல் முறிந்திருந்தால், கனமான கட்டுக்குப் பதிலாக நன்றாகப் பஞ்சு வைத்த இலகுவான கட்டே பல நேரம் போதும். வலியைச் சொல்ல முடியாத ஒருவருக்குக் கட்டுக்குள் குதிகாலிலும் முழங்காலிலும் புண் வந்தால் வெளியே தெரியாது. துர்நாற்றம், கசிவு, விரல்களில் வீக்கம், நிற மாற்றம் ஏதாவது தெரிந்தால் அன்றே காட்டுங்கள். கட்டுக்குள் இருக்கும் வாரங்களில் அந்தக் கால் எலும்பு மேலும் மெலிந்துவிடும், முழங்கால் முன்பைவிட இறுகியிருக்கும். கட்டைப் பிரித்த உடனே வரும் வாரங்களில்தான் அதே காலில் மறுபடி முறியும் வாய்ப்பு அதிகம். ஆகவே பிரிக்கும் நாளுக்கு முன்பே பிசியோதெரபிஸ்டிடம் இதைச் சொல்லி வையுங்கள்: மடங்கிய முழங்காலை நீட்டுவதில் அவசரம் வேண்டாம், முதலில் தாங்கிப் பிடித்து மெல்ல அசைத்தால் போதும், எவ்வளவு வரை போகலாம் என்பதை எலும்பு மருத்துவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.